தேர்தல் தேதி யார் கையில்? கோஸ்டாரிக்காவும் காவிரிப் படுகையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிக்கா பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, ராணுவத்தைக் கலைத்த நாடு என்ற புகழ்ச்சியோடு முடிந்துவிட்டது. 1948 டிசம்பர் 1ஆம் தேதி அப்போதைய ஆட்சித் தலைவர் ஹோசே ஃபிகேரஸ் ராணுவத்தைக் கலைத்ததும், மறு ஆண்டு வந்த அரசியல் சாசனத்தின் 12ஆம் பிரிவு நிரந்தரப் படையைத் தடை செய்ததும் உண்மை. அதற்கு முன் அங்கே ஓர் உள்நாட்டுச் சண்டை நடந்தது. அது எதற்காக மூண்டது என்று கட்டுரை சொல்லவில்லை. நம் ஊருக்குப் பயன்படும் பகுதியே அதுதான்.

1948 பிப்ரவரியில் அங்கே அதிபர் தேர்தல் நடந்தது. எதிர்க்கட்சி வேட்பாளர் ஒட்டிலியோ உலாத்தே முன்னிலை பெற்றார். முடிவை இறுதி செய்யும் அதிகாரம் அன்றைக்கு நாடாளுமன்றத்திடம் இருந்தது. அங்கே தோற்றவரின் ஆட்களுக்கே பெரும்பான்மை. மார்ச் 1ஆம் தேதி அவர்கள் கூடி, அதிபர் தேர்தல் செல்லாது என்று தீர்மானம் போட்டார்கள். அதே நாளில் நடந்த உறுப்பினர் தேர்தலை மட்டும் ரத்து செய்யவில்லை! இதை எதிர்த்து ஃபிகேரஸ் கிளர்ச்சியில் இறங்க, பதினைந்து நாள் போகுமுன் துப்பாக்கி வெடித்தது. ஆறு வாரம் போல நடந்த சண்டையில் ஜெயித்த ஃபிகேரஸ், பதினெட்டு மாதம் ஆட்சி நடத்திவிட்டு உலாத்தேயிடமே ஆட்சியை ஒப்படைத்தார். போட்டியிடுகிறவன் கையில் தேர்தலின் எந்த நுனியும் இருக்கக் கூடாது என்ற எண்ணம் 1949 நவம்பர் 7ஆம் தேதியச் சாசனத்துக்குள் போனது இப்படித்தான். அதற்காக உருவாக்கப்பட்டதுதான் உச்சத் தேர்தல் தீர்ப்பாயம்.

பேருக்கு அது தேர்தல் ஆணையம்போலத் தெரியும். அதிகாரத்தைப் பார்த்தால் நம் ஆணையங்கள் எதோடும் ஒப்பிட முடியாது. சாசனத்தின் 9ஆம் பிரிவு நிர்வாகம், சட்டமன்றம், நீதித்துறை என்ற மூன்றைச் சொல்லிவிட்டு, இந்தத் தீர்ப்பாயத்துக்கும் அவற்றுக்குச் சமமான தகுதியும் சுதந்திரமும் உண்டு என்கிறது. 1975இல் சேர்த்த திருத்தம் அது. அங்குள்ளவர்கள் நாலாவது அதிகாரம் என்றே சொல்கிறார்கள்.

உறுப்பினர்களை அதிபர் நியமிப்பதில்லை, சட்டமன்றமும் நியமிப்பதில்லை. உச்ச நீதிமன்றத்தின் 22 நீதிபதிகளும் கூடி, மூன்றில் இரண்டு பங்கு வாக்கால், அதாவது குறைந்தது 15 பேர் கை தூக்கினால்தான் ஒருவர் உள்ளே வரலாம். நிரந்தர உறுப்பினர்கள் மூவர், மாற்று உறுப்பினர்கள் ஆறு பேர். பதவிக்காலம் ஆறு ஆண்டு. எல்லோருடைய காலமும் ஒன்றாக முடியாதபடி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நிரந்தர உறுப்பினரையும் இரண்டு மாற்று உறுப்பினரையும் புதுப்பிக்கிறார்கள். ஆகவே எந்த ஓர் ஆட்சிக்காலத்திலும் மொத்த அமைப்பையும் மாற்றிவிட முடியாது. பொதுத் தேர்தலுக்கு ஓராண்டு முன்பே மாற்று உறுப்பினர் இருவர் சேர்ந்து தீர்ப்பாயம் ஐவராகிவிடும். தேர்தல் முடிந்து ஆறு மாதம் வரை அப்படியே இருக்கும். நம் நிலைமை வேறு. உள்ளாட்சித் தேர்தலை நடத்தும் மாநிலத் தேர்தல் ஆணையரை ஆளுநர் நியமிக்கிறார் என்று நம் அரசியல் சாசனத்தின் 243கே பிரிவு சொன்னாலும், பெயரைத் தருவது ஆளும் கட்சியின் அமைச்சரவை.

இனி வாக்காளர் பட்டியல். 2025 நவம்பர் 4 முதல் நம் தெருக்களில் சிறப்புத் தீவிரத் திருத்தப் படிவத்தோடு அலைந்தவர்களையும், வரைவுப் பட்டியலில் தமிழகம் முழுக்க 97 லட்சம் பெயர்கள் விடுபட்டதையும் பார்த்தவர்களுக்கு இது புரியும். கோஸ்டாரிக்காவில் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் பதியும் குடிமைப் பதிவகம் வருவாய்த் துறையிடமோ சுகாதாரத் துறையிடமோ இல்லை. அது தீர்ப்பாயத்தின் ஒரு பிரிவு. மருத்துவமனையிலேயே பதிவகத்தின் ஆள் உட்கார்ந்து குழந்தையைப் பதிகிறார். 18 வயது நிறைந்ததும் தேசிய அடையாள அட்டை தருவதும் அதே அலுவலகம். அட்டை கைக்கு வரும்போதே பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறிவிடும். தனி விண்ணப்பம் கிடையாது. இறப்புப் பதிவானால் பெயர் தானாக நீங்கும். தேர்தலுக்கு நான்கு மாதம் முன்பு பட்டியல் மூடப்படும்.

இங்கே எப்படி? கிராமத்தில் இறப்பைப் பதிவதும் வி.ஏ.ஓ. பல வாக்குச்சாவடிகளில் வாக்குச்சாவடி நிலை அலுவலராக இருப்பதும் அதே வி.ஏ.ஓ. ஆனாலும் இறந்தவரின் பெயரை நீக்க வீட்டார் தனியே படிவம் 7 கொடுக்க வேண்டும். ஒரே மனிதரின் வலது கைக்கு இடது கை மனு போடுவதைப் போன்ற ஏற்பாடு இது. பெயர் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றப் படிவம் 8. இரண்டு பதிவேடுகளும் வெவ்வேறு சட்டத்தின் கீழ், வெவ்வேறு துறைகளிடம் இருப்பதால் பிழை வீட்டுக்காரர் தலையில் விழுகிறது.

அவர்கள் முறையிலும் ஓட்டை உண்டு. வீடு மாறியதைத் தானாகக் கண்டுபிடிக்க அந்தப் பதிவகத்தால் முடியாது. மாறியவர்தான் வந்து சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை. தலைநகர் சான் ஹோசேயில் வேலை பார்ப்பவரின் வாக்கு பிறந்த ஊரிலேயே கிடக்கும். தேர்தல் ஞாயிறு காலை கட்சிக் கொடி கட்டிய கார்களும் பேருந்துகளும் வாக்காளரை ஏற்றிக்கொண்டு ஓடுவது அங்கே வழக்கமான காட்சி. சிறிய நகராட்சிகளில் வேண்டுமென்றே முகவரியை மாற்றிக்கொண்டு வந்து வாக்களிக்கும் வேலையும் நடக்கும். ஆயிரம் பேர் மட்டும் வாக்களிக்கிற இடத்தில் ஐம்பது பேரின் இடமாற்றம் முடிவையே புரட்டிவிடும் என்பதால் தீர்ப்பாயத்துக்கு இது ஓயாத தலைவலி.

தேதிக்கு வருவோம், என் கடிதத்தின் மையம் அது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிப்ரவரி முதல் ஞாயிறு பொதுத் தேர்தல். செல்லத்தக்க வாக்குகளில் 40 சதவீதத்துக்கு மேல் யாரும் பெறாவிட்டால் முதல் இரண்டு பேருக்குள் ஏப்ரல் முதல் ஞாயிறு மறுசுற்று. 2002, 2014, 2018, 2022 என நான்கு முறை அப்படி நடந்திருக்கிறது. மே 1 புதிய சட்டமன்றம், மே 8 புதிய அதிபர். அக்டோபரில் தீர்ப்பாயம் தேர்தல் அழைப்பு விடுக்கும் நாளன்று காவல் படையின் பொறுப்பை அதிபர் தீர்ப்பாயத்திடம் ஒப்படைக்கும் சடங்கு உண்டு. அன்றிலிருந்து அரசு தன் திட்டங்களையும் கட்டிய பாலங்களையும் விளம்பரம் செய்யக் கூடாது. அதிபர், அமைச்சர், நீதிபதி, போலீஸ்காரர் யாரும் எந்தக் கட்சிக்கும் ஆதரவாகப் பேசக் கூடாது. வாக்குப் போடலாம், அவ்வளவுதான். நம் நடத்தை விதிகள் ஆணையத்துக்கும் கட்சிகளுக்கும் இடையிலான ஒப்பந்தம் மாதிரி. அங்கே அது சட்டம், மீறினால் பதவியே போகலாம்.

2014 மறுசுற்றில் ஒரு விநோதம். ஜானி அராயா என்ற வேட்பாளர், கருத்துக்கணிப்பில் பின்தங்கியதைப் பார்த்து, மார்ச்சிலேயே பிரசாரத்தை நிறுத்திவிட்டார். ஆனால் மறுசுற்றிலிருந்து விலகச் சாசனம் இடம் தரவில்லை. அவர் பெயரோடே சீட்டு அச்சாகி, சொன்ன ஞாயிறன்று தேர்தல் நடந்தது. லூயிஸ் கியேர்மோ சோலிஸ் முக்கால் பங்குக்கு மேல் வாக்கு பெற்று வென்றார். ஒரே ஆள் களத்தில் இருக்கும்போது இது வீண் செலவு அல்லவா என்று கேட்கத் தோன்றும். ஒருமுறை விதியைத் தளர்த்தினால் அடுத்த முறை தளர்த்த ஒரு காரணம் கிடைத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

உள்ளாட்சி இதைவிட முக்கியம். நாட்டில் இப்போது 84 நகராட்சிகள். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது 2002 டிசம்பரில்தான் தொடங்கியது. அதற்கு முன் கவுன்சில் நியமித்த நிர்வாக அலுவலர்தான். பொதுத் தேர்தலின் நிழலில் உள்ளாட்சித் தேர்தல் மங்கிப்போகிறது என்று கண்டு, 2009 தேர்தல் சட்டம் அதை அதிபர் பதவிக்காலத்தின் நடுவுக்கு நகர்த்தியது. அதனால் 2010இல் வென்ற மேயர்களுக்கு 2016 வரை காலம் நீண்டது. நீட்டிப்பு நடந்திருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். நடந்தது, ஒரே ஒருமுறை. அவர்கள் தேர்ந்தெடுக்கப்படும் முன்பே, எந்தத் தேதி வரை என்று சட்டத்தில் எழுதிவிட்டு நடந்தது. அதன் பிறகு 2016, 2020, 2024, மூன்று முறையும் பிப்ரவரி முதல் ஞாயிறு. அடுத்தது 2028 பிப்ரவரி முதல் ஞாயிறு. மேயர் இடம் காலியானால் கூடவே தேர்ந்தெடுக்கப்பட்ட துணை மேயர் ஏறிக்கொள்வார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாதபோது அரசு நியமிக்கும் தனி அலுவலர் என்ற ஏற்பாட்டுக்கு வேலையே இல்லை.

நம் பக்கம் பாருங்கள். 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. இட ஒதுக்கீட்டு வழக்கில் உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை. அது முடிந்து ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில். மூன்று ஆண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2020 ஜனவரி 6இல் பொறுப்பேற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. அதற்குள் தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்பது 243ஈ பிரிவு. முடியவில்லை. மறுபடி தனி அலுவலர். தேர்தல் நடந்தபோது 27 மாவட்டம், காலம் முடிந்தபோது 28. நடுவில் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்ததுதான் அந்த ஒன்று.

தஞ்சாவூர் மாவட்டத்தில் 14 ஒன்றியங்களில் 589 ஊராட்சிகள். ஓர் ஒன்றியத்துக்குச் சராசரி 42. ஊராட்சிகளின் தனி அலுவலர் வட்டார வளர்ச்சி அலுவலர் என்றால், ஒருவர் 42 தலைவர்களின் நாற்காலியில் உட்கார வேண்டும். தெருவிளக்கு, மேல்நிலைத் தொட்டி மோட்டார் இதெல்லாம் எப்படியோ ஓடும். சிக்கல் சி, டி வாய்க்கால் எனப்படும் சிறு கிளை வாய்க்கால்களில் வருகிறது. பெரிய வாய்க்கால்கள் நீர்வளத் துறைக்கு. வயலுக்குப் போகும் கிளைகளை எந்தத் திட்டத்தில், எந்த வரிசையில் தூர்வாருவது என்பதை ஊரில் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய முடியும். ஜூன் 12 மேட்டூர் திறப்பென்றால் ஏப்ரலிலேயே அந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். கடைமடையில் உள்ளவன் யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவான்? கிராம சபை கூடத்தான் கூடும், தீர்மானமும் எழுதுவார்கள். அதை நிறைவேற்றாத தனி அலுவலரை அடுத்த தேர்தலில் தோற்கடிக்க முடியாது என்பதுதான் வித்தியாசம்.

நான்கு காவிரிப் படுகை மாவட்டங்களின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி சுமார் 53 லட்சம். கோஸ்டாரிக்காவும் 50 லட்சத்தைச் சற்றே தாண்டிய நாடுதான். சின்ன நாடு, அதனால் முடிகிறது என்ற சமாதானம் நம் படுகைக்குப் பொருந்தாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்த முறையைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் கூடாது. தேதி மாறாமல் இருப்பதாலேயே மக்கள் வந்துவிடுவதில்லை. 2024 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு வாக்காளர்கூட வரவில்லை. நம் ஊராட்சித் தேர்தலில் முக்கால் பங்கு பேர் வரிசையில் நிற்பதைப் பார்த்தால் அவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். சட்டமன்றத்தில் 57 இடம், ஏழு மாகாணங்களுக்கும் மக்கள்தொகைப்படி பிரிக்கப்பட்டு, கட்சிப் பட்டியலுக்கு விகிதாசார வாக்கு. பட்டியலில் யார் முதல், யார் ஐந்தாவது என்பதைக் கட்சியே முடிவு செய்யும். வாக்காளர் மாற்ற முடியாது. ஆணும் பெண்ணும் மாறி மாறி இடம்பெற வேண்டும் என்ற விதி நல்லது. ஆனால் ஒரு முறை உறுப்பினராக இருந்தவர் தொடர்ந்து அடுத்த முறை நிற்கக் கூடாது. நான்கு ஆண்டில் வேலை கற்றுக்கொண்டவர் வெளியே போக, 57 பேரும் புதிதாக உள்ளே வருகிறார்கள். 2022இல் அதிபர் பதவிக்கு 25 பேர் நின்றார்கள். முதல் சுற்றில் 17 சதவீதம் அளவே பெற்று இரண்டாம் இடத்தில் வந்த ரொட்ரிகோ சாவேஸ் மறுசுற்றில் ஜெயித்தார். அவர் கட்சிக்குச் சட்டமன்றத்தில் பத்தே இடம். நான்கு ஆண்டும் இழுபறியில் போனது.

தீர்ப்பாயத்தின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்று 2025 காட்டியது. அதிபர் சாவேஸ் கட்சி அரசியலில் தலையிட்டார் என்று சொல்லி, வழக்குத் தொடர முடியாதபடி அவருக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை நீக்குமாறு தீர்ப்பாயமே சட்டமன்றத்தைக் கேட்டது. அதற்கு 38 வாக்கு வேண்டும். கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஓர் ஊழல் வழக்குக்காக உச்ச நீதிமன்றம் கேட்டபோதும் 38 எட்டவில்லை. கடைசிக் கதவின் சாவி அரசியல்வாதிகளிடமே இருக்கிறது.

இன்னொரு குறை, தீர்ப்பாயத்தின் தேர்தல் முடிவை எதிர்த்து எங்கும் மேல்முறையீடு இல்லை. அரசியல் சாசன அமர்வுக்கு வக்கீல் இல்லாமல் வெறுந்தாளில் மனு எழுதி யாரும் போகலாம் என்ற அளவுக்குத் தாராளமான அந்த நாட்டில், தேர்தல் விஷயத்துக்கு மட்டும் அந்தக் கதவும் மூடியிருக்கிறது. 2006இல் ஓஸ்கார் அரியாஸ் சுமார் 18 ஆயிரம் வாக்கில் வென்றபோது கையால் எண்ணி முடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகு வழக்கு என்று எதுவும் கிடையாது. நம் தேர்தல் வழக்குகள் பதவிக்காலமே முடிந்த பிறகு தீர்ப்பாவதை நினைத்தால் அவர்கள் முறை கவர்ச்சியாகத் தெரியும். ஆனாலும் தவறு செய்யாத மூன்று பேரை எப்போதும் கண்டுபிடித்துக்கொண்டிருக்க முடியும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிற ஏற்பாடு அது. அதை அப்படியே கேட்க மாட்டேன்.

கேட்க வேண்டியவை சில. 97ஆம் பிரிவு என்று ஒன்று அங்கே இருக்கிறது. தேர்தல் தொடர்பான எந்த மசோதாவையும் சட்டமன்றம் தீர்ப்பாயத்திடம் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். கருத்தை மீற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பிருந்து நான்கு மாதம் பின்புவரை மீறவே முடியாது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் இதற்கு ஈடான ஒரு விதி இருந்திருந்தால், காலம் முடியும் ஆண்டில் மறுவரையறை, நகராட்சியோடு இணைப்பு, சுழற்சி மாற்றம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடிந்திருக்காது. வார்டு எல்லையும் இட ஒதுக்கீட்டுச் சுழற்சியும் காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே அறிவிக்கப்பட வேண்டும். அறிவிக்காவிட்டால் பழைய எல்லை, பழைய ஒதுக்கீட்டிலேயே மாநிலத் தேர்தல் ஆணையம் தேர்தலை நடத்தலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். காலம் முடியுமுன் தேர்தலை நடத்துவது ஆணையத்தின் கடமை என்று நம் உச்ச நீதிமன்றம் 2006இலேயே சொல்லிவிட்டது. சொல்லியும், எல்லையை வரைந்து தருகிற கை அரசின் கையாக இருக்கும்வரை ஆணையம் என்ன செய்யும்? ஊழியர் தருவது பற்றி 243கே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு தெளிவாக இருக்கிறது. ஆகவே இதற்கெல்லாம் அரசியல் சாசனத் திருத்தம் தேவையில்லை. சட்டமன்றம் ஒரே நாளில் நிறைவேற்றக்கூடிய திருத்தம்தான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாவட்டப் பதிப்பில் மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் போடுகிறீர்கள். அதன் பக்கத்தில் மாதம் ஒருமுறையாவது மூன்று தேதிகளை அச்சிடலாம்: நம் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடியும் தேதி, மறுவரையறை அறிவிக்கை வந்த தேதி, இட ஒதுக்கீட்டு அரசாணை வந்த தேதி. வராத இடத்தில் ‘வரவில்லை’ என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி